குற்றாலச் சாரலும் மோட்டார் வண்டியும்

ஆனித் திங்கள் பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியே மேல்காற்று இறங்கத் தொடங்கிவிட்டால், தென்காசியில் வாழ்வோர்க்குப் பஞ்சாங்கம் வேண்டுவதில்லை. வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே பொடித் தூறல் முகத்தில் வந்து விழும், அதுவே சாரல். குற்றாலத்து அருவிகளின் எழிலை வருணிக்க வல்லார் பலர் உளர். யாம் அப்பணியை அவர்க்கே விடுத்து, அருவியாடித் திரும்புங்கால் மோட்டார் வண்டிக்குள் நிகழும் ஒரு சிறு காரியத்தைக் குறித்து எழுதப் புகுந்தோம். சிறு காரியந்தான், ஆயினும் அதனை அறியாமையால் யாம் ஒரு மனிதர்மேல் வண்டியை ஏற்றிவிடும் நிலைக்கு வந்தோம்.

சென்ற ஆடித் திங்களில் ஒரு மாலைப்பொழுது, ஐந்தருவியில் நீராடிவிட்டு ஐவர் வண்டியேறினோம். எம் ஆச்சியார் முன்னிருக்கையில் அமர்ந்தார். பின்னிருக்கையில் எம் தமக்கையாரும் அவர்தம் கணவரும், இடையில் அவர்களுடைய நான்கு வயதுப் பெண்மகவும் இருந்தனர். எல்லார் தலையும் ஈரம். பிழிந்தும் பிழியாமலும் திணித்த துணிகள் காலடியில் கிடந்தன. குழந்தைக்குச் சாரற்காற்று ஆகாதென்று ஆச்சியார் கண்ணாடிகளை ஏற்றச் சொன்னார். ஏற்றினோம். வெளிக்காற்று நுழையாதவாறு ரீசர்க்குலேஷன் பொத்தானையும் அழுத்தினோம். சிறிது தொலைவு சென்றதும், “ஏ ஐயா, இந்த ஏ.சி.யை அமத்து. பிள்ளைக்கு நடுக்குது” என்றார். அதனையும் நிறுத்தினோம்.

இரண்டு நிமிடமும் ஆகியிராது. முன்கண்ணாடி பால் தடவியதுபோல் வெளுத்துவிட்டது. மழையென்றெண்ணி வைப்பரை விரைந்து ஓடச் செய்தோம். அது வெளியே ஓடிக்கொண்டிருந்தது. மூட்டமோ உள்ளே இருந்தது. கையால் துடைத்தோம், கோடு கோடாக நீர் வழிந்து, எதிர்வந்த வண்டிகளின் விளக்கொளி அக்கோடுகளில் சிதறிக் கண்ணைக் கூசச் செய்தது. அந்நேரம் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தியிருத்தல் வேண்டும். நிறுத்தினோமல்லோம். அடுத்த திருப்பம் தெரிந்த பாதைதானே என்னும் துணிவு. அத்திருப்பத்தில் மங்குஸ்தான் பழங்களை ஏற்றிய தள்ளுவண்டியொன்று நின்றுகொண்டிருந்தது. அதனை யாம் கண்டோமில்லை. அவர் இட்ட கூக்குரலையே முதலிற் கேட்டோம். பிரேக்கை மிதித்து நின்றபோது எம் வண்டியின் முகப்பு தள்ளுவண்டியின் சக்கரத்தைத் தொட்டிருந்தது. பழங்கள் சில சாலையில் உருண்டன.

அப்பெரியவர் வைதிருப்பின் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் வையவில்லை. உள்ளே குனிந்து குழந்தையைப் பார்த்து, “பச்சப்பிள்ளைய வச்சிக்கிட்டு, கண்ணு தெரியாம ஓட்டலாமா அண்ணாச்சி?” என்று மட்டும் கேட்டார். பழத்தின் விலையைக் கொடுத்தோம். அக்கேள்விக்குக் கொடுக்க எம்மிடம் ஒன்றுமில்லை.

அருகில் தேநீர் பருகிக்கொண்டிருந்த ஒரு வேன் ஓட்டுநர் எழுந்து வந்து, கதவின் வழியே கையை நீட்டி, ரீசர்க்குலேஷன் பொத்தானை விடுவித்தார்; ஏ.சி.யை மீண்டும் ஓடவிட்டார். வெப்பத்தைச் சற்றுக் கூட்டி, காற்று முன்கண்ணாடியில் வீசுமாறு திருப்பினார். யாம் பார்த்திருக்கவே மூட்டம் கீழிருந்து மேலாக விலகிற்று. “ஏ.சி. குளிருக்கு மட்டும் இல்லைங்க, ஈரத்தை எடுக்கவுந்தான்” என்று சொல்லித் தம் தேநீரிடம் திரும்பிவிட்டார்.

இல்லம் சேர்ந்தபின் இதன் காரணத்தை ஆராய்ந்தோம். 25 பாகை செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 23 கிராம் நீராவியைத் தாங்கும். 15 பாகையில் 13 கிராமுக்கு மேல் தாங்காது. வண்டிக்குள் அடங்கும் காற்றோ சற்றேறக்குறைய மூன்று கனமீட்டரே. மூச்சாலும் வியர்வையாலும் ஒருவர் மணிக்கு 40 கிராம் அளவேனும் நீராவி விடுவார். அங்ஙனம் ஐவர், அவருடன் ஈரத்துணி மூட்டை! அவ்வளவையும் அடைத்து வைத்தால், மழையில் குளிர்ந்த கண்ணாடியில் அது படியாமல் வேறெங்கே போகும்? இதனினும் நுட்பமான தவறொன்று உண்டு. ஏ.சி. ஓடுகையில் அதன் குளிர்ந்த சுருளில் ஈரம் நீராகி வண்டிக்கடியில் சொட்டிவிடும். அதனை நிறுத்தியவுடன், சுருளில் ஒட்டியிருந்த நீர் மீண்டும் ஆவியாகி உள்ளேயே வந்துவிடும். இரண்டு நிமிடத்தில் எம் கண்ணாடி வெளுத்தமைக்கு அதுவும் ஒரு காரணம்.

குளிர்நாட்டார் எழுதும் வழிகாட்டிகள், “வெளிக்காற்றை உள்ளே விடுக; அதனைச் சூடாக்குக” என்று கூறும். அவர்களுக்கு அது பெரும்பாலும் போதும்; உறைபனிக் காற்றில் ஒரு கனமீட்டருக்கு ஐந்து கிராம் நீராவியும் இராதாகலின், சூடானவுடன் அது வறண்ட காற்றாகிவிடும். மார்கழியில் உதகையில் வண்டியோட்டுவார்க்கும் இவ்விதி பொருந்தும். குற்றாலத்துச் சாரற்காற்றின் இயல்பு வேறு. அது தானே நனைந்த காற்று. ஆதலின் இங்கே வெளிக்காற்றும் வேண்டும், அதனை உலர்த்த ஏ.சி.யும் வேண்டும், குளிர் தாங்காதவர் இருப்பின் வெப்பத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஏ.சி.யையும் வெப்பத்தையும் ஒருங்கே இயக்குவது முரண் என்று யாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். முரணன்று, ஒன்று ஈரத்தை நீக்கும், மற்றொன்று குளிரை நீக்கும். சில வேளை மூட்டம் கண்ணாடியின் வெளிப்புறத்தில் படியும். அது கண்ணாடி மிகக் குளிர்ந்ததன் அடையாளம். அப்பொழுதே வைப்பர் உதவும். குளிரையும் குறைத்தல் வேண்டும்.

இனி, ரீசர்க்குலேஷன் பொத்தானை வெறுத்தலும் தகாது. புளியரை ஏற்றத்தில், கேரளத்திற்குக் கல்லும் மணலும் ஏற்றிச் செல்லும் லாரிகளின் பின்னே ஊர்ந்தவர் அதன் அருமையை அறிவர். 1904-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற செங்கோட்டை–புனலூர் இருப்புப்பாதையில், நீராவி எஞ்சின் ஓடிய நாளில், குகைக்குள் வண்டி நுழையுமுன் சன்னல்களை இறக்கி, வெளிப்பட்டதும் ஏற்றிவிடுவராம். எம் பாட்டனார் சொல்லக் கேட்டுள்ளோம். புகைக்கென அடைத்த சன்னலைப் புனலூர்மட்டும் அடைத்தே வைத்தாரல்லர். யாமோ லாரி விலகிய பின்னும் பொத்தானை மறந்துவிடுகிறோம்.

மறப்பதால் கண்ணாடி மட்டுமா மங்கும்? ஐவர் வெளிவிடும் கரியமிலவாயு நிமிடத்திற்கு ஒரு லிட்டரேனும் இருக்கும். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் 420 பங்கு அளவே. மூவாயிரம் லிட்டர்க் காற்றில் நிமிடத்திற்கு ஒரு லிட்டர் சேருமாயின், இடுக்குகளின் வழியே கசிவது போகவும், கால் மணி நேரத்தில் அது ஆயிரக்கணக்கான பங்காக ஏறிவிடும். தலை கனக்கும், கொட்டாவி வரும். அன்று குழந்தை உறங்கியதை அருவியாடிய களைப்பென்றே எண்ணினோம். ஓட்டியவராகிய எமக்கும் கண் செருகிற்றென்பதை ஈண்டு ஒப்புக்கொள்கிறோம்.

மறுநாட் காலை ஆச்சியாரிடம் இவற்றையெல்லாம் விரித்துரைத்தோம். பாதி கேட்டார். பின்னர்த் தென்காசிக் கோயிலுக்கு அழைத்துச் செல்லச் சொன்னார். அக்கோபுர வாயிலின் காற்றை அறியாதார் இரார்; நுழைவாரை எதிர்த்து நிறுத்தும், நடுவே கடந்தபின் முதுகைப் பிடித்து உள்ளே தள்ளும். ஆச்சியார் தலைமுக்காட்டை விலக்கிவிட்டு, நரைத்த கூந்தல் பறக்க, அக்காற்றின் நடுவில் நெடுநேரம் நின்றார். “வண்டியில் மட்டும் காற்று ஆகாதோ?” என்று கேட்டோம்.

“இது கோயில் காத்துலா!” என்றார். ஆயினும் திரும்பும் வழியில், யாம் கேளாமலே, தம் பக்கத்துக் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிக்கொண்டார்.