பின்னால் நடக்கப் பழகியவர்

2018 ஏப்ரல் 28. டெக்ஸாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன் நகரில் அமெரிக்க ஃபுட்பால் லீகின் மூன்று நாள் வீரர் தேர்வு முடியும் தறுவாயில் இருந்தது. நம் ஐ.பி.எல். ஏலம்போல் அங்கே விலை கூவுவதில்லை. 32 அணிகளும் முறை வைத்து, பெரும்பாலும் கல்லூரிகளில் ஆடி வந்த இளைஞர்களின் பெயர்களைச் சொல்லும். அந்த ஆண்டு மொத்தம் 256 பெயர்கள். முதல் சுற்றில் பெயர் வந்தவர்களுக்கு அன்றே வாழ்க்கை மாறிவிடும். ஏழாவது சுற்று, அதாவது கடைசிச் சுற்று, பொறுமையுள்ள ரசிகர்களுக்கு மட்டுமானது. அதில் 233வது பெயராக ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி சொன்னது: ஜோர்டன் மைலாட்டா. வயது 21. பிறந்த ஊர் சிட்னி. ஆடிய கல்லூரி: இல்லை. அதுவரை ஆடிய அமெரிக்க ஃபுட்பால் ஆட்டங்கள்: பூஜ்யம்.

ஈகிள்ஸ் அப்போது ஏதோ ஒரு நோஞ்சான் அணி அல்ல. ஏறக்குறைய மூன்று மாதங்களுக்கு முன்புதான், தன் வரலாற்றில் முதல் முறையாக சூப்பர் பவுல் கோப்பையை வென்றிருந்தது. சாம்பியன் அணி, ஆட்டமே தெரியாத ஒருவரை எதற்காக எடுத்தது?

பார்த்தவுடன் தெரியும் காரணம் ஒன்று இருந்தது. உயரம் 203 சென்டிமீட்டர். எடை சுமார் 157 கிலோ. சமோவா தீவுகளிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிய குடும்பம். சிட்னியின் பேங்க்ஸ்டவுன் பகுதியில் பிறந்து, ரக்பி லீக் ஆடி வளர்ந்தவர். விடலைப் பருவத்தில் பயிற்சியின்போது மயங்கி விழுந்து, இதயத்தில் இரண்டு முறை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். பிறகும் விடாமல் சவுத் சிட்னி ராபிட்டோஸ் அணியின் இளைஞர் பிரிவுவரை வந்தார். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் ஓட, மறிக்க வந்தவர்கள் அப்பளமாய் நொறுங்கும் வீடியோ ஒன்று இன்டர்நெட்டில் உலகம் சுற்றியது.

ஆனால் ரக்பி லீகில் ஓர் ஆட்டம் 80 நிமிடம். அத்தனை நேரமும் முன்னும் பின்னும் ஓடுவதற்கு 157 கிலோ உடம்பு தோதானதல்ல. அமெரிக்க ஃபுட்பாலில் ஒவ்வொரு மோதலும் ஐந்தாறு விநாடிதான். பிறகு நின்று, மூச்சு வாங்கி, மறுபடி அணிவகுப்பார்கள். அங்கே இந்த உடம்புக்கென்றே ஓர் இடம் உண்டு. வெளிநாட்டு இளைஞர்களுக்கென லீக் 2017இல் தொடங்கிய திட்டத்தில் சேர்ந்து, ஃப்ளோரிடாவில் சில மாதம் அரிச்சுவடி படித்துவிட்டுத்தான் மைலாட்டா அந்த 233வது பெயரானார்.

அந்த இடம் எது என்பதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும்.

ஓர் அணிக்குக் களத்தில் 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜமாவது முன்னேற வேண்டும். குவார்ட்டர்பேக் என்பவர்தான் மூளை. பந்து அவர் கைக்கு வரும். அவர் அதை எறியலாம், ஓடுபவரிடம் கொடுக்கலாம். அவருக்கு முன்னால் ஐந்து பேர் மதில்போல் நிற்பார்கள். எதிரணியின் முரடர்கள் குவார்ட்டர்பேக்கை வீழ்த்தாதபடி பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. வழக்கமாக அவர்களுக்கு எறியப்பட்ட பந்தைப் பிடிக்கும் உரிமைகூட விதிப்படி கிடையாது. அந்த ஐவரில் இடது ஓரத்தில் நிற்பவருக்கு லெஃப்ட் டேக்கிள் என்று பெயர். வலதுகைக்காரரான குவார்ட்டர்பேக் எறியத் திரும்பும்போது அவருடைய முதுகு இடப்பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவனை அவரால் பார்க்க முடியாது.

பார்க்க முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா 1985 நவம்பர் 18 இரவு டி.வி.யில் கண்டது. வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மன்மீது நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் லாரன்ஸ் டெய்லர் பாய்ந்தார். தைஸ்மனின் வலது கால் முறிந்தது. அவர் அதன்பிறகு ஆடவே இல்லை. அந்தப் பார்வையற்ற பக்கத்தைக் காப்பவருக்கு அணிகள் அள்ளிக் கொடுக்கத் தொடங்கியதில் ஆச்சரியமில்லை.

அந்த இடத்துக்குத்தான் சிட்னி இளைஞர் குறி வைக்கப்பட்டார். வாழ்நாள் முழுக்கப் பந்தோடு முன்னால் ஓடியவர், இனி பந்தைத் தொடாமல் பின்னால் நடக்கக் கற்க வேண்டும்.

கற்றுக்கொடுக்க வாய்த்தவர் ஜெஃப் ஸ்டவுட்லண்ட். 2013இல் ஈகிள்ஸில் தடுப்பு வரிசைப் பயிற்சியாளராகச் சேர்ந்தவர். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுக்காரர். மைதானத்தின் மறுகோடிக்கும் கேட்கும் குரல். தேர்வுக்கு முன்பே ஃப்ளோரிடாவுக்குப் போய் மைலாட்டாவைச் சோதித்துப் பார்த்தவரும் அவர்தான். உடம்பை மட்டும் பார்த்து மயங்கும் ஆள் அல்ல. சொன்னதை வாங்கிக்கொள்ளும் புத்தி இருக்கிறதா என்று பார்ப்பவர்.

பாடம் காலில் தொடங்குகிறது. இடது காலைப் பின்னால் வைத்து, வலது காலால் தரையை உந்தி, நண்டுபோல் சாய்வாகப் பின்வாங்க வேண்டும். முழங்கால் மடங்கியே இருக்க வேண்டும். தோளைத் தாழ்த்தி மோதுகிறவனுக்குத்தான் பலம் அதிகம் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். 203 சென்டிமீட்டர்காரருக்கு அது இரட்டைத் தண்டனை. நாற்காலி இல்லாமல் உட்கார்ந்த நிலையில், பின்னோக்கி, வேகமாக நடப்பதை யாராவது வீட்டுக் கூடத்தில் பத்து அடி முயன்று பார்த்தால் புரியும்.

அடுத்தது கை. எதிரே வருகிறவனின் எடை 120 கிலோ இருக்கும். ஆனால் கால்களில் சிறுத்தையின் வேகம். அவன் மார்பில் சரியான தருணத்தில் உள்ளங்கைகளை அறைந்து நிறுத்த வேண்டும். அரை விநாடி முந்தினால் கை காற்றில் போகும். உடம்பு அதன் பின்னால் சாயும். அரை விநாடி பிந்தினால் அவன் கைகள் நம் மார்பில். பிடித்து இழுத்தால் விதிமீறல். பத்து கஜம் அபராதம். ரக்பியில் கட்டிப்பிடித்து வீழ்த்துவதுதான் வீரம். இங்கே அதே அனிச்சைச் செயல் குற்றம். பழகிய உடம்பிடம் பழக்கத்தை மறக்கச் சொல்வது, புதிதாகக் கற்கச் சொல்வதைவிடக் கடினம்.

மூன்றாவது காது. பந்து நகரும்வரை அசையக் கூடாது. ஒரு கண்ணிமை நேரம் முன்னால் துடித்துவிட்டாலும் ஐந்து கஜம் அபராதம். வெளியூர் மைதானத்தில் கூச்சல் காதைப் பிளக்கும்போது குவார்ட்டர்பேக்கின் குரல் கேட்காது; கையசைவு, தலையசைவு என்று மௌன சங்கேதங்கள்தான். எல்லாவற்றுக்கும் மேலே, ஐந்து பேரும் ஒரே உடம்பாக நகர வேண்டும். பக்கத்தில் இருப்பவர் இவனை விட்டுவிட்டு அவனைப் பிடிப்பாரா என்பது பார்க்காமலே தெரிய வேண்டும். கல்லூரியில் நான்கு வருடம் ஆடி வந்தவர்களே இதற்குத் திணறுவார்கள். மைலாட்டாவுக்கு ஆட்டத்தின் விதிகளே புதிது. ஆட்டத்தின் பாஷையும் புதிது.

நல்ல வேளையாக, அந்த வகுப்பில் வழி மாறி வந்தவர் அவர் மட்டுமல்ல. அவர் ஆட விரும்பிய இடத்தில் அப்போது நின்றிருந்த ஜேசன் பீட்டர்ஸ், 2004இல் எந்த அணியாலும் தேர்வு செய்யப்படாமல் வேறு இடத்து ஆட்டக்காரராக நுழைந்தவர். வலது ஓரத்து லேன் ஜான்சன் ஒரு காலத்தில் குவார்ட்டர்பேக்காக இருந்தவர். நடுவில் நின்ற ஜேசன் கெல்சி ஆறாவது சுற்றில் வந்தவர். இந்த வரிசையில் நிற்கவேண்டும் என்று கனவு கண்டு வளரும் பையன்கள் குறைவு. பெரும்பாலானவர்களை உடம்போ விதியோ அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறது.

2018இல் ஒவ்வோர் அணியும் முகாமுக்கு 90 பேரை அழைத்து, பட்டியலை 53 ஆகச் சுருக்கியது. மைலாட்டா அந்த 53இல் இடம் பிடித்தார். ஆனால் களத்தில் இறங்கவில்லை. சீசன் முடியும் தறுவாயில் முதுகு வலி அவரைக் காயம்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. 2019இலும் முதுகுதான். இரண்டு சீசன்கள், 32 லீக் ஆட்டங்கள். ஒன்றில்கூட அவர் ஆடவில்லை. போதாக்குறைக்கு, அந்த 2019இல் ஈகிள்ஸ் தன் முதல் சுற்றுத் தேர்வையே அதே இடத்துக்குச் செலவிட்டது: ஆண்ட்ரே டில்லார்ட், 22வது பெயர், கல்லூரியில் முறையாகப் பயின்றவர். கடல் கடந்து வந்து, ஊரையும் ஆட்டத்தையும் விட்டுவிட்டு, இரண்டு வருடம் சம்பளத்துக்கு மாணவனாக இருப்பது வெளியிலிருந்து பார்க்கச் சுகமாகத் தெரியலாம். தினமும் கண்ணாடியைப் பார்ப்பவனுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

கதவு திறந்தது மற்றவர்களின் காயத்தால். 2020 சீசன் தொடங்கும் முன்பே டில்லார்டுக்குக் கைத்தசை கிழிந்தது. பதிலுக்கு வந்த பீட்டர்ஸுக்குக் கால்விரலில் அடி. அக்டோபர் 4 அன்று, கலிஃபோர்னியாவில் சான்ஃபிரான்சிஸ்கோ அணிக்கு எதிராக மைலாட்டா முதல் முறையாக லெஃப்ட் டேக்கிளாக ஆட்டத்தைத் தொடங்கினார். அதற்கு முன் அந்த சீசனில் ஒரு வெற்றியும் காணாத ஈகிள்ஸ் அன்று 25-20 என்று வென்றது. மறு வருடம் டில்லார்ட் குணமாகி வந்தபோது இருவருக்கும் நேருக்கு நேர் போட்டி. 22வது பெயரை 233வது பெயர் வென்றது. 2021 செப்டம்பரில் நான்கு வருடத்துக்கு 6.4 கோடி டாலர் ஒப்பந்தம். 2024இல் மேலும் மூன்று வருடத்துக்கு 6.6 கோடி.

வெற்றிக் கதை என்று இதை முடித்துவிடலாம். ஆனால் இந்தத் தொழிலில் வெற்றி என்றால் என்ன என்பதே விசித்திரமான கேள்வி. கிரிக்கெட்டில் கடைசி ஆட்டக்காரருக்கும் ரன் கணக்கு உண்டு. இங்கே ஓடியவர்க்குக் கஜம், எறிந்தவர்க்குப் புள்ளி. தடுத்தவர் பெயருக்கு எதிரே, ரசிகர் படிக்கும் ஸ்கோர் அட்டையில் ஒன்றும் இருக்காது. 2024 சீசனில் ஈகிள்ஸின் சக்வான் பார்க்லி 2,005 கஜம் ஓடினார். அந்த ஓட்டங்களுக்கான சந்துகளைத் திறந்தவர்களில் ஒருவர் மைலாட்டா. தடுப்பவரின் சட்டை எண்ணை நடுவர் மைக்கில் அறிவிப்பது பெரும்பாலும் அவர் தப்பு செய்யும்போதுதான். அறுபது முறை சரியாகத் தடுத்தால் அது சாதாரண நாள். அறுபத்தோராவது முறை சறுக்கினால் தைஸ்மனின் கால்.

எழுதப்படாத இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒவ்வொரு முறை பந்து நகரும்போதும் இந்த ஐவரின் தலை யாருடைய தலையோடாவது மோதுகிறது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் நடு இடத்தில் நின்று நான்கு சூப்பர் பவுல் வென்ற மைக் வெப்ஸ்டர் 2002இல் 50 வயதில் இறந்தார். கடைசி வருடங்களில் நினைவும் நிதானமும் தப்பியிருந்தன. நைஜீரியாவில் பிறந்த டாக்டர் பென்னட் ஓமலு அவருடைய மூளையை ஆராய்ந்து, தொடர்ந்து அடிபட்டதால் வந்த சி.டி.இ. என்ற சிதைவு நோயைக் கண்டுபிடித்தார். இந்த நோய்க்கும் ஆட்டத்துக்கும் தொடர்பு உண்டு என்று லீகின் உயர் அதிகாரி ஒருவர் அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்கள் முன் ஒப்புக்கொண்டது 2016இல்தான். ஒப்பந்தத்தின் கோடிகளைப் படிக்கும்போது இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பந்தைத் தொடாதவர் அடி வாங்காதவர் அல்ல.

தெரிந்தேதான் போகிறார்கள். காசுக்காக என்பது பாதிப் பதில். ஒரு வேலையை ஒருவர் பொறுமையாகக் கற்பித்து, அது ஒருநாள் தன் உடம்பிலேயே இறங்கிவிடுவதை உணர்வதில் இருக்கும் நிறைவு மீதிப் பதிலாக இருக்கலாம். 2025 பிப்ரவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் கன்சாஸ் சிட்டியை 40-22 என்று வீழ்த்தி ஈகிள்ஸ் மறுபடி சூப்பர் பவுல் வென்றபோது, இடது ஓரத்தில் நின்றவர் மைலாட்டா. ஏ.பி. செய்தி நிறுவனத்தின் அந்த சீசனுக்கான சிறந்த வீரர்கள் பட்டியலில், இரண்டாவது அணியில் அவர் பெயர் இருந்தது.

அமெரிக்க டி.வி.யில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய ஆட்டங்களின் தொடக்கத்தில் ஒவ்வொரு வீரரும் திரையில் தோன்றித் தன் பெயரையும் படித்த கல்லூரியையும் சொல்வார். அலபாமா, ஒஹையோ, ஓக்லஹோமா என்று பெருமையாகப் பெயர்கள் வரும். கல்லூரிப் பக்கமே போகாத மைலாட்டாவின் முறை வந்தது. பெயரைச் சொன்னார். பிறகு, முகத்தில் சிரிப்பில்லாமல், தன் கல்லூரியின் பெயரையும் சொன்னார்: ஜெஃப் ஸ்டவுட்லண்ட் பல்கலைக்கழகம்.