அம்மாயியின் ஒரே டேக்

செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். ஹாலிஎல டவுனில் கோயில் திருவிழாக்களுக்கு சவுண்ட் போடும் அண்ணன் ஒருவர், வீட்டுப் பின்னறையில் பழைய அனலாக் கன்சோலும் கேசட் டெக்கும் வைத்திருக்கிறார். "24 சேனலும் ஒண்ணுதான் தம்பி, ஒண்ணப் படிச்சா போதும். நடுவுல இருக்கே மாஸ்டர் செக்‌ஷன், அதத்தான் ஒழுங்கா படிக்கணும்" என்றார். தலையாட்டினேன். படிக்கவில்லை.

எனக்கு வேண்டியது அம்மாயியின் ஒப்பாரி. கலைப்பீடத்தில் நாட்டார் வழக்காறு ஒப்படை ஒன்று இருந்தது. ஆனால் அது ஒரு சாட்டுத்தான். மலையகத்து நாட்டார் பாடல்களை சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து வைத்திருக்கிறார். புத்தகத்தில் சொல் இருக்கிறது, இழுவை இல்லை. அம்மாயியிடம் அந்த இழுவை இருக்கிறது. தாலாட்டு கேட்டால் உடனே பாடுவார். ஒப்பாரி என்றால், "சாவு விழாத ஊட்டுல வைக்கக் கூடாது ராசா." இது ஊடு இல்லையே அம்மாயி, டவுன்ல ஒரு ரூம்தானே என்று சட்டம் பேசித்தான் கூட்டிவந்தேன். "ஒரே ஒரு தடவ" என்றார்.

அன்றைக்கு அண்ணன் பதுளைக்குப் போய்விட்டார். நானே உட்கார்ந்தேன்.

மாஸ்டர் செக்‌ஷனில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க இரண்டு இடம் உண்டு. மாஸ்டர் ஃபேடரைத் தள்ளினால் டெக்குக்குப் போகும் சத்தமே மாறும். கன்ட்ரோல் ரூம் நாப் நம் அறையின் ஸ்பீக்கருக்கு மட்டும்தான். அதைத் திருகுவதால் கேசட்டில் ஒன்றும் மாறாது. அந்த நாப்பை யாரோ முழுக்கத் திருகி வைத்திருந்ததை நான் பார்க்கவில்லை. அம்மாயி தொண்டையைச் செருமியதுமே ஸ்பீக்கர் அலறியது. பதறிப்போய் கைக்குக் கிடைத்த மாஸ்டர் ஃபேடரைக் கீழே இழுத்தேன். அறையில் சத்தம் அளவாகிவிட்டது, எனக்கும் நிம்மதி. வி.யூ. மீட்டரில் ஊசி 0 பக்கம் ஆட வேண்டும். அது இடது மூலையில் சுருண்டு படுத்திருந்ததை யார் கவனித்தது?

டாக்பேக்கை அழுத்தினால் நாம் பேசுவது பாடுகிறவருக்குக் கேட்கும். ஸ்லேட்டை அழுத்தினால் அது டேப்பிலும் ஏறும். சினிமாவில் பார்த்த மாதிரி, "அம்மாயி, ஒப்பாரி, டேக் ஒன்று" என்று கெத்தாகச் சொன்னேன். அந்த மைக்குக்குத் தனி லெவல் நாப். அதுவும் முழுக்கத் திருகித்தான் இருந்திருக்கிறது.

அம்மாயி தாத்தாவுக்காகப் பாடினார். பாதியில் பதுளை ரயில் கூவிக்கொண்டு போனது. அவர் நிறுத்தவில்லை. முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போதுமா?" என்றார்.

கேசட்டைப் போட்டோம். முதலில் என் குரல், காது கிழிய. அதற்குப் பிறகு 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல், அதற்கடியில் எங்கேயோ தூரத்தில் அம்மாயி. ஒலியைக் கூட்டினால் டேப்பின் இரைச்சலும் கூடவே ஏறுகிறது.

"ஏன்டா, நீ பேசுனதுதான் நல்லா கேக்குது" என்றார் அம்மாயி. திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அண்ணன் கேட்டுவிட்டு மோனோ பட்டனை அழுத்தினார். அது இடதையும் வலதையும் ஒன்றாகக் கலக்கும். இருந்த குரலும் மெலிந்துபோனது. நான் இரண்டு மைக்கை வேறு வேறு தூரத்தில் வைத்திருந்தேன். குரல் ஒன்றுக்குக் கொஞ்சம் முந்தியும் மற்றதுக்குக் கொஞ்சம் பிந்தியும் போய்ச் சேர, கலக்கும்போது சில சுரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. "லயத்துல எல்லாரும் போன்ல ஒத்த ஸ்பீக்கர்லதானே கேப்பாங்க, அதுக்குத்தான் இந்த பட்டன்" என்றார்.

அடுத்த கிழமை தாலாட்டைப் பதிந்தோம். ஒரு மைக். முதலில் கன்ட்ரோல் ரூம் நாப்பைக் குறைத்தேன், ஃபேடரை அதன் 0 கோட்டில் வைத்தேன், பிறகு சேனலைத் தொட்டேன். ஊசி ஒழுங்காக ஆடியது. ஸ்லேட் போடவில்லை.

ஒப்பாரியை நான் திரும்பக் கேட்கவில்லை. அம்மாயியும் அதைப் பற்றிப் பேசவில்லை.