‘ஹூ’வை வெட்டலாம், யார் என்பதை வெட்டலாமா?

 

சாதாரண தரம் எழுதப்போகும் பிள்ளைகளின் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்கிற ஒரு விடயம் இது. ஆங்கிலத்தில் ‘றிலேட்டிவ் குளோஸ்’ என்றொரு பகுதி இருக்கிறது. அதைச் சுருக்கி எழுதச் சொன்னால் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். இது பரீட்சையோடு முடிகிற விடயமல்ல.

தமிழில் ‘நேற்று வந்த பிள்ளை’ என்கிறோம். இதில் ‘வந்த’ என்பது பெயரெச்சம். ஆங்கிலத்தில் பிள்ளையை முதலில் சொல்லி, ‘ஹூ’ போட்டு, வந்ததைப் பிறகு சொல்ல வேண்டும்: ‘த சைல்ட் ஹூ கேம் யெஸ்டர்டே’. இந்த நீளமான வடிவம் நன்றாகக் கைவந்த பிறகுதான் சுருக்கத்துக்குப் போகலாம்.

சுருக்கக்கூடிய இடங்களில் முக்கியமானவை மூன்று.

ஒன்று, ஒருவர் செய்துகொண்டிருக்கும் வேலை. ‘த போய் ஹூ இஸ் ஸ்டாண்டிங் அட் த கேட்’ என்பதில் ‘ஹூ இஸ்’ இரண்டையும் எடுத்துவிடலாம். கேற்றடியில் நிற்கும் பையன் என்ற பொருள் அப்படியே இருக்கும்.

இரண்டு, செயப்பாட்டுவினை. எங்கள் சந்தையில் விற்கப்படும் பலாப்பழத்தை ‘த ஜாக்ஃப்ரூட் விச் இஸ் சோல்ட் இன் த மார்க்கெட்’ என்று எழுதலாம். ‘விச் இஸ்’ போனாலும் குறை இல்லை.

மூன்று, ‘நான் வாங்கிய புத்தகம்’ போன்றவை. ‘த புக் தட் ஐ போட்’ என்பதில் ‘தட்’ மட்டும் போகலாம்.

பிள்ளைகள் விழுகிற குழி வேறு இடத்தில் இருக்கிறது. ஒருவர் தானாகச் செய்து முடித்ததைச் சொல்லும்போது ‘ஹூ’வை எடுக்க முடியாது. ‘த ஃபேமிலீஸ் ஹூ லெஃப்ட்’ என்றால் விட்டுச் சென்ற குடும்பங்கள். ‘ஹூ’வை எடுத்துப் பாருங்கள். ‘த ஃபேமிலீஸ் லெஃப்ட்’ என்று வரும். தனி வசனமாக எடுத்தால் ‘குடும்பங்கள் போய்விட்டன’. ஒரு பெரிய வசனத்துக்குள் வைத்தால் ‘மிஞ்சியிருக்கும் குடும்பங்கள்’. போனவர்களும் மிஞ்சியவர்களும் ஒன்றா?

‘த ஃபேமிலீஸ் ஹூ வேர் எக்ஸ்பெல்ட்’, அதாவது வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் என்றால் ‘ஹூ வேர்’ தாராளமாகப் போகலாம். ஆகவே சுருக்குவதற்கு முன் பிள்ளை ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அவர்கள் தாங்களாகச் செய்தார்களா, அவர்களுக்குச் செய்யப்பட்டதா?

இந்தக் கேள்வியை எங்கள் ஊரில் வைத்துக் கேட்டால் பாரம் கூடிவிடுகிறது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30 அன்று அந்தக் கட்டளை வந்தது. சாவகச்சேரி முஸ்லிம்கள் அதற்கும் முன்னரே அனுப்பப்பட்டுவிட்டார்கள். இன்று முப்பதுகளில் இருக்கும் நாங்கள் இதைப் பெரியவர்களின் பேச்சில்தான் அறிந்தோம். அந்தப் பேச்சில் ‘எழுப்பிவிட்டாங்க’ என்ற சொல்தான் இருந்தது. ‘இடம்பெயர்ந்தோம்’ என்று அவர்கள் சொன்னதில்லை.

ஆனால் கடிதங்களிலும் படிவங்களிலும் வந்தது ‘இடம்பெயர்ந்தோர்’. ஆங்கிலத்தில் ‘டிஸ்பிளேஸ்ட்’ என்பது செயப்பாட்டுவினை. யாரோ அப்புறப்படுத்தினார்கள் என்ற சாயலாவது அதில் உண்டு. தமிழுக்கு வந்தபோது அது ‘இடம்பெயர்ந்த’ என்று தன்வினையாகிவிட்டது. தாங்களே பெயர்ந்து போனது போன்ற தோற்றம். 1998 இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைக்கப்பட்ட உள்ளக இடப்பெயர்வு பற்றிய வழிகாட்டிக் கோட்பாடுகளை எடுத்துப் பாருங்கள். அதில் வரைவிலக்கணம் முழு றிலேட்டிவ் குளோஸாகவே இருக்கிறது: வீட்டை விட்டு ஓடவோ வெளியேறவோ கட்டாயப்படுத்தப்பட்டவர்கள். எல்லோரும் அதை மூன்று எழுத்துகளாக, ‘ஐடிபி’ என்று சுருக்கிவிட்டார்கள். கட்டாயம் என்பது காணாமற்போயிற்று.

இது முஸ்லிம்களுக்கு மட்டுமான கதை அல்ல. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்கு வந்தார்கள். 2000 ஆம் ஆண்டில் சண்டை இங்கே வந்தபோது தென்மராட்சி மக்களே ஓடவேண்டி வந்தது. ஷெல்லுக்குத் தப்பி ஓடியவர்களை ‘ஃப்ளீயிங்’ என்று எழுதலாம். போகச் சொல்லி அனுப்பப்பட்டவர்களை ‘எக்ஸ்பெல்ட்’ என்று எழுதலாம். யாருடைய துயரம் பெரிது என்ற போட்டி இங்கே வேண்டாம். ஒவ்வொருவருக்கும் நடந்ததற்கு உரிய வினைச்சொல் கிடைத்தால் போதும்.

இனி வகுப்பறைக்கு வருவோம். ‘ஹூ வேர்’ என்பதை எடுப்பது சுருக்கம். வாசிப்பவர் அதைத் தானாகவே திரும்பப் போட்டுக்கொள்வார். ‘பை’ என்று தொடங்கி, யாரால் என்று சொல்லும் பகுதியை எடுப்பது அப்படியல்ல. அதை வாசிப்பவரால் திரும்பப் போட முடியாது. இலக்கணம் இரண்டையும் அனுமதிக்கும். எது தேவை என்பதை எழுதுபவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை ஒரு வசனத்தைச் சுருக்கியதும், அதைத் திரும்ப நீட்டிச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தமிழில் சொல்லட்டும். முதலில் இருந்த பொருள் முழுதாகத் திரும்பி வந்தால் சுருக்கம் சரி. காணிக் கடிதமோ விண்ணப்பமோ ஆங்கிலத்தில் எழுதுகிற பெரியவர்களும் இதையே செய்து பாருங்கள். ‘1990 இல் வெளியேற்றப்பட்ட’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘1990 இல் வெளியேறிய’ என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறோம். பரீட்சை எழுதும் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.