சிங்கம் பார்க்கப் போன கதை

எங்கள் பாடசாலையில் நாலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் சிங்கம் வரையச் சொன்னால் பெரும்பாலும் ஒரே சிங்கம்தான் வரும். ஒரு முன்னங்காலைத் தூக்கி, வாளைப் பிடித்துக்கொண்டு, வாலை மேலே வளைத்து நிற்கும். கொடிக்கம்பத்தில் அவர்கள் நாளாந்தம் காண்கிற சிங்கம் அது. வாளை எடுத்துவிட்டு வரையுங்கோ என்றால் சிலர் நாயை வரைந்து கழுத்தைச் சுற்றி மயிரைப் போட்டுக்கொண்டு வருவார்கள். குறை சொல்வதற்கில்லை. இருபது வருடங்களுக்குக் கிட்டப் படிப்பித்த நானும் உயிருள்ள சிங்கத்தைக் கண்டதில்லை.

அப்பா கண்டிருந்தார். சங்கக்கடையில் கணக்கெழுதிய மனிதர். எழுபதுகளில் ஒருமுறை யாழ்தேவியில் கொழும்புக்குப் போனவர், தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையைப் பார்த்துவிட்டு வந்து எங்கள் சிறுபராயம் முழுவதும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒட்டகச்சிவிங்கியின் உயரத்தைச் சொல்ல முற்றத்துப் பலாமரத்தில் எந்தக் கொப்பு வரைக்கும் அதன் தலை வரும் என்று காட்டுவார். சிங்கம் கர்ச்சித்த விதத்தையும் செய்து காட்டுவார். அம்மா குசினிக்குள் இருந்து, "பிள்ளையளைப் பயப்பிடுத்தாதையுங்கோ" என்பார். 1990 ஆகஸ்ட் விடுமுறைக்கு எங்களையும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். அந்த ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியது. ரயில் நின்றுவிட்டது. எனக்கு அப்போது பத்து வயது. சாவகச்சேரி ஸ்ரேசனுக்கு மறுபடியும் ரயில் வந்தபோது 2014 ஆகியிருந்தது. அப்பா அதற்குப் பதினாலு வருடங்களுக்கு முன்பே, 2000ஆம் ஆண்டு இடப்பெயர்வில் வடமராட்சியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் காலமாகிவிட்டார்.

ஆகவே மகன் சிங்கம் பார்க்கவேண்டும் என்று கேட்டபோது நான் மறுக்கவில்லை. 2022இல் போவதாக இருந்தது. அந்த வருடம் பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. கடைசியில் 2024 ஆகஸ்டில், விடுமுறை ஒரு கிழமைதான் என்றாலும், மச்சான் குடும்பத்தோடு சேர்ந்து ஒரு வான் பிடித்தோம். எழுபத்துமூன்று வயது அம்மா, "நான் எதுக்கு, வீட்டைப் பாக்கிறன்" என்றார். பேரப்பிள்ளைகள் விடவில்லை.

போன இடம் தெஹிவளை அல்ல. அம்பாந்தோட்டை மாவட்டத்தில் அம்பலாந்தோட்டைக்குக் கிட்ட உள்ள ரிதியகம சபாரிப் பூங்கா. 2016இல் திறந்தார்கள். ஏறத்தாழ 500 ஏக்கர். மிருகங்கள் கூட்டுக்குள் இல்லை, வேலி போட்ட பற்றைக்காட்டுக்குள் திரியும். நாங்கள்தான் கம்பி அடித்த பஸ்ஸுக்குள் இருக்கவேண்டும். ஆபிரிக்காவுக்குப் போய்ச் சிங்கம் பார்க்க ஆசிரியச் சம்பளம் ஏழு பிறவிக்கும் போதாது. ஆனால் ஆபிரிக்கச் சிங்கங்களை இந்த நாட்டிலேயே கிட்ட நின்று பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

வழிப்பயணத்தைச் சுருக்கிவிடுகிறேன். முறிகண்டியில் தேங்காய் உடைத்தது, பிள்ளைகள் சத்தி எடுத்தது, கொழும்பில் ஓரிரவு, பிறகு தெற்கு நெடுஞ்சாலை. அம்மா வழி நெடுக ஜன்னல் பக்கம் இருந்து ஒன்றும் பேசாமல் வந்தார். ஒரேயொரு தடவை, "ஒருத்தரும் மறிக்கேல்லை என்ன?" என்று கேட்டார்.

பூங்கா பஸ்ஸில் ஏறியதும் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். நாங்கள் சிரித்தோம். முதலில் வரிக்குதிரைகள். பஸ்ஸைக் கண்டும் காணாததுபோல் வாலை ஆட்டிக்கொண்டு மேய்ந்தன. ஒரு வரிக்குதிரையின் கோடு இன்னொன்றுக்கு இராது, எங்கள் கைரேகை போல, என்று மகளுக்குச் சொன்னேன். அந்தக் கோடுகள் கடிக்கிற இலையான்களைக் குழப்புகின்றன என்று ஆராய்ச்சிகள் சொல்வதையும் சொன்னேன். வாத்தியார் புத்தி எங்கே போகும்? தீக்கோழி ஒன்று பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஓடி வந்தது. அதற்குக் காலில் இரண்டே விரல்கள். படிப்பித்திருக்கிறேன், கண்ணால் எண்ணியது அன்றைக்குத்தான்.

பிறகு ஒரு பெரிய கேற். அது திறந்து நாங்கள் உள்ளே போய், பின்னால் அது மூடியபிறகுதான் அடுத்த கேற் திறந்தது. பஸ்ஸுக்குள் பேச்சு நின்றுவிட்டது.

சிங்கங்கள் படுத்திருந்தன. ஒரு மரநிழலில் நாலைந்து பெண் சிங்கங்கள், ஒன்றின்மேல் ஒன்று தலை வைத்து, கலியாண வீட்டில் பந்தி முடிந்து பாயில் சரிந்த மனிதர்களைப்போல. சிங்கம் ஒரு நாளில் இருபது மணித்தியாலம் வரை படுத்தே கழிக்கும் என்று வாசித்திருந்தேன், இவ்வளவு சோம்பலாக இருக்கும் என்று நினைக்கவில்லை. ஆண் சிங்கம் தனியே வழியோரத்தில் கிடந்தது. சாரதி பஸ்ஸை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி இயந்திரத்தை அணைத்தார். எனக்கும் அதற்கும் இடையில் ஒரு பாய் அகலம் இருக்கும், அவ்வளவுதான். மூக்கில் பழைய கீறல் ஒன்று. பிடரிமயிர் படத்தில் போல வாரி விட்டதாக இல்லை, காய்ந்த புல்லும் மண்ணும் சிக்கி, தும்புத்தடி மாதிரி. காதுக்குள் இலையான். மாட்டுத் தொழுவத்தையும் இறைச்சிக் கடையையும் சேர்த்ததுபோல ஒரு மணம். அது கண்ணைத் திறந்து பார்த்தது. எங்களைப் பார்த்தது என்று சொல்ல முடியாது. எங்களுக்கூடாக எதையோ பார்த்தது.

மகன் மூச்சை அடக்கிக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தான்.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "இதுவோ? பாவம், நித்திரை தூங்குது. ஆற்றை பிள்ளையோ, எங்கையிருந்து கொண்டுவந்ததோ."

அப்பா செய்து காட்டிய கர்ச்சனையைக் கேட்கவேண்டும் என்று எனக்கு ஆசை. அது கொட்டாவி மட்டும் விட்டது. பல்லெல்லாம் தெரிந்தது. பஸ் முழுவதும் "ஆ" என்றது.

இன்னும் இரண்டு கேற் தாண்டிப் போனபோதுதான் அந்த விஷயம் நடந்தது. பற்றைக்குள் இருந்து செம்மஞ்சளும் கறுப்புமாய் ஒன்று எழும்பி நடந்தது. மகன் எழும்பி நின்று, தொண்டை கிழிய, "அப்பா! புலி! புலி!" என்று கத்தினான்.

அம்மாவின் கை பாய்ந்து அவனுடைய வாயைப் பொத்தியது. "கத்தாதை. இரு கீழை." அவன் திமிறினான். அம்மா விடவில்லை. அவருடைய கண் மிருகத்தில் இல்லை, பஸ்ஸில் இருந்த மற்ற ஆட்களில் இருந்தது.

ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை. பின் இருக்கையில் இருந்த சிங்களச் சிறுவன் "கொட்டியா! கொட்டியா!" என்று துள்ளிக்கொண்டிருந்தான். அவனுடைய தாய் சிரித்துக்கொண்டு படம் எடுத்தாள். எனக்குப் பதினாறு வயதில், ரியூசனுக்குப் போகிற வழியில், சோதனைச் சாவடியில் நின்ற ஒருவர் என் புத்தகப் பையைத் தட்டி இதே சொல்லைத்தான் கேட்டார். அன்றைக்கு அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். அதற்குப் பிறகு அதை ஒரு மிருகத்தின் பெயராக நான் கேட்டது இந்த பஸ்ஸுக்குள்தான்.

அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் அந்தச் சொல் புழக்கத்தில் இல்லை. "பெடியள்" என்போம், "அவை" என்போம். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, 'பு' எழுத்துக்குக் கீழே இருந்த புலிப் படத்தைக் கிழித்துவிட்டுப் புறாவை ஒட்டினார். அந்த வகுப்பில் படித்த பிள்ளைகள் இன்றைக்குப் பிள்ளை பெற்றவர்கள்.

மத்தியானம் அம்பாந்தோட்டை நகரத்தில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். தமிழ் கேட்டதும் முதலாளி முகம் மலர்ந்து, எங்கேயிருந்து வாறீங்க என்று விசாரித்து, அம்மாவுக்குக் காரம் குறைத்துக் கறி வைக்கச் சொன்னார். மகனிடம், "என்ன மகன் பாத்தீங்க?" என்றார். அவன் அப்பாச்சியை ஒருமுறை பார்த்துவிட்டு, "சிங்கம், பிறகு... புலி" என்றான். முதலாளியின் கண் ஒரு கணம் வாசல் பக்கம் போய்த் திரும்பியது. நான் கண்டேன். அம்மாவும் கண்டார். பிறகு அவர் சிரித்து, "நம்மட ஊர்ப் புலி பாக்க யால பக்கம் போகணும். அது சிறுத்தை" என்றார். அம்மா அன்றைக்கு முதற்தடவையாகச் சிரித்தார்.

இரவு தங்கிய இடத்தில் மகன் விடவில்லை. "அப்பாச்சி ஏன் வாயைப் பொத்தினவா?" அம்மா மற்றக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நித்திரை இல்லை என்று எனக்குத் தெரியும். நான் நேரே பதில் சொல்லாமல் சுற்றிப் போனேன். இந்தத் தீவின் காட்டில் இன்றைக்குச் சிங்கமும் இல்லை, வரிப்புலியும் இல்லை என்றேன். இரத்தினபுரிப் பக்கம் குருவிட்டையில் கிடைத்த இரண்டு பற்களை வைத்து, இங்கே ஆதிகாலத்தில் ஒரு சிங்கம் இருந்தது என்று பி. ஈ. பி. தெரணியகல 1939இல் எழுதினார். அதே குருவிட்டையில் கிடைத்த இன்னொரு பல் புலியுடையது என்று கெலும் மனமேந்திர ஆராச்சி முதலானோர் 2005இல் எழுதினார்கள். பக்கத்துக் குகையான படதொம்பலெனவில் புலியின் கால்விரல் எலும்பும் கிடைத்தது, அது பதினாறாயிரம் வருடங்களுக்கு மேல் பழையது. இரண்டும் ஒரே மண்ணுக்குள் கிடந்தவை.

"அப்ப ரெண்டும் எங்கட நாட்டு மிருகமோ?"

"ஒருகாலத்திலை."

"இப்ப ரெண்டும் வெளியிலையிருந்து கொண்டுவந்ததோ?"

"ஓம்."

"அப்ப அப்பாச்சி ஏன் பயந்தவா?"

பயிற்சிக் கலாசாலையில் பிள்ளையின் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது என்று படித்தவன் நான். நித்திரை கொள், நாளைக்கு வெள்ளண எழும்பவேணும் என்று விளக்கை அணைத்தேன்.

ஊருக்கு வந்தபிறகு விடுமுறை முடிவதற்குள் ஒரு கட்டுரை எழுதவேண்டியிருந்தது: 'நான் சென்ற சுற்றுலா'. எழுதிவிட்டுக் கொண்டுவந்து காட்டினான். எழுத்துப் பிழை ஐந்து. சிங்கத்தின் மூக்குக் கீறலை எழுதியிருந்தான், நான் சொல்லிக்கொடுக்காதது, சந்தோஷமாக இருந்தது. வரிக்குதிரை, தீக்கோழி, கம்பி அடித்த பஸ் எல்லாம் இருந்தன. புலி இல்லை.

"ஏன் அதை விட்டனி?"

"எழுதலாமோ?"

நான் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். வேங்கை என்று எழுதச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். குசினிக்குள் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்த அம்மாவுக்கு எல்லாம் கேட்டிருக்கவேண்டும்.

"வரிப்புலி எண்டு எழுதடா," என்றார். "அது மிருகந்தானே."