அப்பா படத்தில் படிக்கட்டு

அப்பாவோட முதல் திவசத்துக்குக் கூடத்துல மாட்ட ஒரு படம் வேணும்னாங்க அம்மா. கல்யாணமான புதுசுல ஸ்டூடியோவுல எடுத்த கறுப்பு வெள்ளைப் படம்தான் இருந்துச்சு, அதுவும் வெளுத்துப்போய். ஸ்கேன் பண்ணி, கான்ட்ராஸ்ட்டை ஏத்தி, நம்ம வீட்டு இங்க்ஜெட்லயே அடிச்சுடலாம்னு இறங்கினேன். நமக்குத்தான் இந்தக் கிறுக்கு உண்டே!

முகம் அருமையா வந்துச்சு. ஆனா பின்னாடி இருக்குற திரை, மேலே இருட்டா ஆரம்பிச்சு தோள் வரைக்கும் மெல்ல வெளுக்கணும். அது படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையா வந்துச்சு.

பிரிண்டர் ஹெட் அடைப்புதான்னு முடிவு பண்ணி நாலு தடவை க்ளீனிங் ஓட்டினேன். மை போனதுதான் மிச்சம். நாசில் செக் அடிச்சுப் பார்த்தா ஒரு கோடு கூட விடுபடலை.

அப்புறம்தான் ஒரு சின்ன யோசனை. படத்தை 90 டிகிரி திருப்பி அடிச்சேன். ஹெட்டால வர்ற கோடு, ஹெட் ஓடுற திசையிலதான் விழும். படத்தைத் திருப்பினாலும் அது தாள்ல அதே திசையில நிக்கும். எனக்கு என்னாச்சுன்னா, பட்டைகளும் அப்பாவோட சேர்ந்து திரும்பிடுச்சு. அப்படின்னா தப்பு பிரிண்டர்ல இல்லை, என் ஃபைல்ல!

நான் ஸ்கேன் பண்ணினது 8 பிட்ல. கறுப்புலேர்ந்து வெள்ளை வரைக்கும் மொத்தமே 256 படிதான். வெளுத்த திரைக்கு அதுல கொஞ்சம்தான் கிடைச்சிருக்கும். அந்தக் கொஞ்சத்தை இழுத்து விரிச்சா நடுவுல புதுப் படி எங்கேர்ந்து வரும்? இடைவெளிதான் வரும்.

மறுபடி 16 பிட்ல ஸ்கேன் பண்ணி, அதுலயே திருத்தி, கடைசியா துளி கிரெய்ன் தூவினேன். பட்டை காணோம். நிழல்ல லேசா பச்சை தட்டுச்சு. கலர் மைகளைக் கலந்து சாம்பல் காட்டுறதால வர்ற வினை அது. பிரிண்டரோட கறுப்பு வெள்ளை மோடுக்கு மாத்தி, தாள் வகையையும் சரியாக் குடுத்ததும் அதுவும் அடங்கிடுச்சு.

அம்மாகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "அந்தத் திரை நீலம்டா" அப்படின்னாங்க.

நாலு நாளா அந்தச் சாம்பலோட மல்லுக்கட்டினவன் நான். இது எனக்குத் தெரியவே தெரியாது.