மோட்டார் ரூம் ஆணியில் தொங்கிய தோலுறை

அவிநாசிக்கு வடக்கே எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமில், ஸ்டார்ட்டர் பெட்டியை அடுத்திருந்த ஆணியில், பழுப்பு நிறத் தோலுறை ஒன்று முப்பது வருடங்களுக்கும் மேலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் ஸ்பேனரும் டெஸ்டரும் கிரீஸ் படிந்த துணியும் இருக்கும். 'ஜப்பான் பை' என்று சொல்லித்தான் நாங்கள் மூவரும் வளர்ந்தோம்.

அதன் கதையும் எங்களோடு வளர்ந்தது. அப்பாரு இரண்டாம் உலகப் போரில் மதராஸ் சாப்பர்ஸ் பிரிவில், 'தம்பிகள்' என்று ராணுவம் செல்லமாக அழைக்கும் அந்தப் பொறியாளர் படையில், பர்மா போனவர். அங்கே ஒரு ஜப்பானியக் கர்னல் அவரிடம் சரணடைந்து தன் ரிவால்வரை உறையோடு கழற்றிக் கொடுத்தாராம். ஊர் திரும்பியதும் போலீசுக்குப் பயந்து அப்பாரு துப்பாக்கியை மட்டும் கிணற்றில் போட்டுவிட்டாராம். பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையைச் சொல்லி நாங்கள் அடைந்த மரியாதை கொஞ்சமல்ல.

2017 வறட்சியில் கிணறு அடிவரை வற்றியது. தூர் வாரினோம். மேலே வந்த ஒவ்வொரு சட்டிச் சேற்றையும் ஒருவரையொருவர் பாராமல் கிளறிக்கொண்டிருந்தோம். இரண்டு பித்தளைச் சொம்பு, உடைந்த இறைவைச் சால், பழைய மோட்டாரின் புஷ். வேறொன்றுமில்லை. சேற்றில் இன்னும் ஆழத்தில் இருக்கும் என்று சொல்லிக்கொண்டோம்.

சென்ற ஆண்டு எங்களில் மூத்தவனுக்குப் பணமுடை. கோவையில் பழைய ராணுவப் பொருட்கள் வாங்கி விற்கும் ஒருவரிடம் உறையை எடுத்துப் போனோம். உரிமம் இல்லாமல் துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பாயும்; வெறும் உறைக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர் பூதக்கண்ணாடியை எடுப்பதற்கு முன்பு, உறைக்குள் கையை விட்டு நெடுநேரம் தடவிப் பார்த்தார். தோல் தன்னுள் இருந்ததை மறப்பதில்லை என்றார். எங்கள் விரலுக்கும் தட்டியது: நடுவில் உருண்டையான ஒரு புடைப்பு. ஆறு குண்டுகள் கொண்ட உருளை இருந்த இடம் அது. தட்டையான தானியங்கிப் பிஸ்டல் இருந்த உறையானால் அந்தப் புடைப்பு வராது.

ஜப்பானிய ராணுவம் தானே வடிவமைத்து வழங்கிய ரிவால்வர் ஒன்றே ஒன்றுதான், 26ஆம் வகை. மெய்ஜி பேரரசரின் 26ஆம் ஆட்சியாண்டான 1893இல் ஏற்கப்பட்டதால் அந்தப் பெயர். இதற்குப் பின்வந்த 14ஆம் வகைப் பிஸ்டல் தைஷோ பேரரசரின் 14ஆம் ஆண்டு, அதாவது 1925. அடுத்து வந்த 94ஆம் வகையோ எந்தப் பேரரசரின் கணக்குமல்ல. ஜப்பான் தோன்றியதாகச் சொல்லப்படும் நாளிலிருந்து எண்ணிய 2594ஆம் ஆண்டின் வால், நமக்கு 1934. எண் பெரிதானால் புதியது என்று நினைப்பவர் இங்கே இடறி விழுவார். எங்களுக்கு இது அவ்வளவு அந்நியமாகப் படவில்லை. ஆத்தாவின் கணக்கு நோட்டில் அப்பாரு திரும்பியது 'பார்த்திப வருடம் தை மாதம்' என்றுதான் இருக்கிறது. அது 1946 ஜனவரி என்று நாங்கள்தான் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தோம். அறுபது வருடம் தள்ளி இன்னொரு பார்த்திபம் வந்து போய்விட்டது.

டோக்கியோவின் கொய்ஷிகாவா ஆயுதசாலையில் சுமார் 59,000 செய்யப்பட்ட அந்த ரிவால்வரில் ஒரு குறை உண்டு. விசையை அழுத்தாதபோது உருளை பூட்டிக்கொள்ளாது. உறையில் உரசினாலே சுழன்றுவிடும். குண்டை ஒரு அறையில் எண்ணி வைத்தவனுக்குச் சுடும் நேரத்தில் காலி அறை வந்து நிற்கலாம். உறையின் உட்புறம் வழவழவென்று தேய்ந்திருந்ததைக் காட்டி அவர் இதைச் சொன்னபோது, முகமறியாத யாரோ ஒருவனுக்காக எங்களுக்கு வயிறு கலங்கியது.

அடுத்து அவர் சொன்னதுதான் எங்களைத் தைத்தது. இந்த ரிவால்வர் முதன்மையாகக் குதிரைப்படைக்கும் ஹவில்தார் தரத்தினருக்கும் வழங்கப்பட்டது. அதிகாரிகள் தங்கள் கைத்துப்பாக்கியைச் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டார்கள். கர்னல் இடுப்பில் இது இருந்திருக்க வாய்ப்புக் குறைவு.

விலைக்கு வந்தார். துப்பாக்கி இல்லாத உறை பாதிப் பொருள். அறுந்த வாரை எப்போதோ ஆத்தா உள்ளூரில் வெள்ளை நூலால் தைத்து வாங்கியிருக்கிறாள், அதற்கொரு கழிவு. மோட்டார் எண்ணெய்க் கறைக்கு இன்னொரு கழிவு. (அந்த எண்ணெய்தான் தோலை வெடிக்காமல் காப்பாற்றியது என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் கழித்தார்.) எட்டாயிரம் தரலாம் என்றார். கர்னல் சரணடைந்த கதையை எழுதிக் குடும்பத்தார் கையொப்பமிட்டுத் தந்தால் பதினைந்தாயிரம். சற்றுமுன் கர்னலைக் கலைத்த அதே வாய்தான் இதையும் சொன்னது.

பொருளை வாங்கு, கதையை வாங்காதே என்பது சேகரிப்பவர்களிடையே பழைய வழக்காம். விற்பவருக்கு அது பொருந்தாது போலும்.

மூத்தவன் கையொப்பமிடத் தயாராக இருந்தான். பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியாதே என்றான். எங்களில் மற்ற இருவர் மறுத்தோமா என்றால், இல்லை; அத்தையைக் கேட்டுவிடலாம் என்று தள்ளிப்போட்டோம். அப்பாருவின் பிள்ளைகளில் இன்று இருப்பது அவர் ஒருவர்தான்.

அத்தை உறையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"கர்னலா? அப்பன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்ல கண்ணு. பாலம் போடப் போன எடத்துல, வழியில, சேத்துல கெடந்துச்சு, எடுத்தேன்னுதான் சொல்லுவாரு. காலிப் பையி."

"அப்போ கெணத்துல போட்ட துப்பாக்கி?"

"அது உங்கொப்பன் உங்களத் தூங்க வெக்கச் சொன்னது."

மூத்தவன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். அவனுக்குப் பணம் போனது வருத்தமா, கர்னல் போனது வருத்தமா என்று நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்கும் அதே குழப்பம்தான். அப்பா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. கிணற்றுச் சேற்றில் நாங்கள் தேடியது அவருடைய தாலாட்டை.

கடிதம் எழுதினோம், நான்கு வரியில். பர்மாவில் சாலையோரம் மதராஸ் சாப்பர் ஒருவரால் எடுக்கப்பட்டது, எடுத்தபோது காலி, வெள்ளை நூலும் எண்ணெயும் எங்களுடையவை. மூவரும் கையொப்பமிட்டோம். அதற்கு எட்டாயிரம்தான் என்று பதில் வந்திருக்கிறது. மூத்தவன் இன்னும் சரி என்று சொல்லவில்லை. உறை இப்போது அத்தை வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஸ்பேனரை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அதே ஆணியில் மாட்டியிருக்கிறோம்.