லயத்துக் கொல்லை: ஒரு நாட்குறிப்பு

ஜூன் 2

நெகிரி செம்பிலானின் ரந்தாவ் வட்டாரத்தில் இரப்பர் போய்ச் செம்பனையும், செம்பனை போய் வீடமைப்புத் திட்டங்களும் வந்துகொண்டிருக்கும் நிலையில், எஞ்சியிருக்கும் ஒரு தோட்டத்து லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடும்பங்களுக்காக நிர்வாகம் வரிசையாகக் கட்டிய வீடுகளுக்கு, ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள் வந்துள்ளன. ஆண்டிறுதிக்குள் வீடுகளைக் காலிசெய்ய வேண்டும் என்பது ஒன்று. உணவும் மரபும் காணவரும் சுற்றுலாக் குழுவுக்குத் தோட்டத்துச் சாப்பாடு போட முடியுமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு என்ன பதில் எழுதுவதென்று எவருக்கும் தெரியவில்லை. இரண்டாவதற்கு லயம் முழுவதும் உடனே சம்மதித்துவிட்டது. ஏற்பாடு செய்யும் பொறுப்பு, தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் வந்து சேர்ந்தது. எதையாவது எழுதி வைத்தால்தான் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியும் என்று கருதி, அவர் இந்த ஏட்டைத் தொடங்கினார்.

ஜூன் 5

தோட்டத்துச் சமையல் என்று தனியாக ஒன்று உண்டா என்னும் வினாவுக்கு எளிதில் விடை கூற இயலாது. கங்காணி முறை, அதாவது தோட்டத்துக் கங்காணியே தம் ஊருக்குச் சென்று உறவிலும் சாதியிலும் ஆள் சேர்த்துவரும் முறை, 1938இல் முடிவுக்கு வரும்வரை தமிழகத்திலிருந்து வந்தவர்கள் உண்ட அரிசி பெரும்பாலும் பர்மாவிலிருந்து இறக்குமதியானது. பருப்பும் புளியும் கருவாடும் கடைக்கணக்கில் கடனாக வந்தவை. அவர்கள் தாமே விளைவித்தவை லயத்தின் பின்புறத்துக் கொல்லையில் கிடைத்த கீரை, முருங்கை, மிளகாய், மரவள்ளி ஆகியவை மட்டுமே. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் அரிசி வரத்து குலைந்து, ஆண்கள் பலர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, லயங்களில் தங்கியவர்களின் வயிற்றைக் காத்தது அந்த மரவள்ளிதான்.

சுற்றுலாக் குழுவின் வழிகாட்டி அனுப்பிய உணவுப்பட்டியலில் முதலில் இருப்பதும் அவித்த மரவள்ளிக்கிழங்கே. சமைக்க ஒப்புக்கொண்டுள்ள மூதாட்டி, மணமான நாள்முதல் பால்வெட்டுக்குச் சென்றவர். அவரைக் கருவில் சுமந்த காலத்தில் அவருடைய தாய்க்கு மரவள்ளியைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லையாம். பட்டியலை வாசித்துக் காட்டியதும் அவர் கேட்டது இவ்வளவே: “வீடு தேடி வர்றவங்களுக்கு மரவள்ளியா அவிச்சுப் போடுவாங்க, வாத்தியாரே? கோழி அடிச்சுக் கொழம்பு வைப்போம்.” பஞ்சத்தில் தின்றதை விருந்தாளியின் முன் வைப்பது அவருடைய கணக்கில் மரியாதைக் குறைவு, அதை வைக்காவிட்டால் பயணத்துக்கே பொருளில்லை என்பது வழிகாட்டியின் கணக்கு.

ஜூன் 6

மழை. பட்டியல் மேசைமேல் அப்படியே கிடக்கிறது.

ஜூன் 11

வழிகாட்டி நேரில் வந்தார். அவரும் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த பிள்ளைதான் என்றும், அவருடைய தாத்தா கள்ளுக்கடைக் கணக்கில் புகழ்பெற்றவர் என்றும் மூதாட்டி கண்டுபிடித்துவிட்டதால், பேச்சு சிரிப்பாக முடிந்தது. கோழிக்குழம்பு உறுதியாயிற்று, மரவள்ளி உறுதியாகவில்லை.

ஜூன் 14

குழுவோடு காலையிலிருந்தே இருக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டதால், ஆசிரியர் ஸ்ரீ மெனாந்திக்கும் சென்றார். 1902இல் தொடங்கி 1908இல் கட்டிமுடிக்கப்பட்ட, ஆணி அடிக்காமல் மரத்தாலேயே பொருத்தப்பட்ட பழைய அரண்மனையின் 99 தூண்களை எல்லாரும் படம்பிடித்தனர். அங்கிருந்து கம்பம் எனப்படும் மலாய்க் கிராமத்து வீடொன்றில் மதிய உணவு. மாசாக் லெமாக் சிலி அப்பி என்பது, சிலி பாடி எனப்படும் சிறு மிளகாயையும் பச்சை மஞ்சளையும் கல்லுரலில் இடித்துத் தேங்காய்ப்பாலில் கரைத்து வைக்கும் மஞ்சள் குழம்பு. அந்த வீட்டுப் பெண்மணி அதில் புகையூட்டிய கெளுத்தியை இட்டு, பால் திரிந்துவிடாதபடி கரண்டியை எடுக்காமல் துழாவிக்கொண்டே இருந்தார். கொதி வந்தபின்பே ஆசாம் கெப்பிங் என்னும் உலர்புளித் துண்டுகள் விழுந்தன.

துழாவியபடியே அவர் கூறியதை வழிகாட்டி மொழிபெயர்த்தார். இம்மாநிலத்தின் மினாங்கபாவ் வழி மலாய்க்காரரிடையே நிலவும் தாய்வழி மரபாகிய அடாட் பெர்பாத்தே முறைப்படி, குலநிலம் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். 1909ஆம் ஆண்டுச் சட்டமும் அதைப் பதிவேட்டில் ஏற்றியது. வீடும் வயலும் தம் தாய் தந்தவை என்றும், தமக்குப்பின் மகளுக்கு என்றும் அப்பெண்மணி சொன்னபோது, அதில் பெருமை தொனிக்கவில்லை. உப்பு சரியாயிருக்கிறதா என்று கேட்டதும் அதே குரலில்தான்.

பொழுது சாயும் நேரத்தில் குழு லயத்தை அடைந்தது. மூதாட்டி அம்மியில் அரைத்த மசாலாவில் கோழிக்குழம்பும், முருங்கைக்கீரைப் பொரியலும், ரசமும் வைத்திருந்தார். மெக்சிகோவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி, சாப்பிடுவதற்கு முன்பே கொல்லைக்குச் சென்று, மிளகாயையும் பப்பாளியையும் ஊர்க்காரரைக் கண்டவர்போல் தொட்டுப் பார்த்தார். வேலியோரத்தில் வரிசையாய் நின்ற மரவள்ளியைக் காட்டி, இதை ஏன் சமைக்கவில்லை என்று கேட்டார். “அது திங்கிறதுக்கு இல்ல, எதுக்கும் இருக்கட்டும்னு வருசா வருசம் நடுறது,” என்றார் மூதாட்டி. அடுத்த கேள்வி, நிலம் யாருடையது என்பது. தம் ஊரில் நிலம் எஹிதோ முறையில், அதாவது 1917ஆம் ஆண்டு அரசியலமைப்பைத் தொடர்ந்து ஊர்மக்களுக்குப் பொதுவாகப் பிரித்தளிக்கப்பட்ட முறையில், இருப்பதாகவும் சொன்னார். ஆசிரியர் தமிழில் சொன்னதும் மூதாட்டி வாய்விட்டுச் சிரித்தார்: “தொரையோடது.” அச்சிரிப்பை எப்படி மொழிபெயர்ப்பது என்று ஆசிரியர் யோசிப்பதற்குள் குழு படம் எடுக்க அழைக்கப்பட்டுவிட்டது.

ஜூன் 15

மிளகாய் மெக்சிகோவில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பயிராக்கப்பட்டது. போர்த்துக்கீசியர் 1511இல் மலாக்காவைக் கைப்பற்றியதற்குப் பிந்தைய கடல்வணிகத்தில் அது இப்பகுதியில் பரவியது. மிளகாயின் வழித்தடத்தைப் பேசுவது எளிது, கேட்போருக்கும் பிடிக்கும். ஆனால் மெக்சிகோவின் மரபுச் சமையல் 2010இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியபோது, சேர்க்கப்பட்டது தட்டில் இருப்பது மட்டுமன்று. மக்காச்சோளத்தையும் பிற பயிர்களையும் சேர்த்து விளைவிக்கும் மில்பா என்னும் சுழற்சி வயலும், சுண்ணாம்பிட்டுச் சோளத்தை வேகவைக்கும் முறையும் அதனுள் அடங்கும். 2024இல் அதே பட்டியலில் ஏறிய மலேசியக் காலையுணவுப் பண்பாடோ, நாசி லெமாக்கையும் ரொட்டி சானாயையும் தே தாரேக்கையும் பல இனத்தார் கூடி உண்பதைச் சிறப்பிப்பது. இரண்டும் நியாயமே. லயத்துச் சமையலை எவரேனும் பட்டியலிட முன்வந்தால், கொல்லையை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பது புலப்படவில்லை.

ஜூன் 23

கால்வலி. ஒன்றும் எழுதவில்லை.

ஜூலை 1

குழுவினர் அனுப்பிய படங்கள் வந்தன. லயத்துப் பிள்ளைகள் தத்தம் முகத்தைத் தேடிச் சிரித்துக்கொண்டிருந்ததில் மாலை முழுவதும் கழிந்தது. காலிசெய்வது பற்றி அன்று யாரும் பேசவில்லை.

ஜூலை 8

நில அளவையாளர் வந்து வீட்டுக் கதவுகளில் சுண்ணக்கட்டியால் எண் எழுதிச் சென்றனர். வீடுகளுக்கு எண் உண்டு. கொல்லைகள் வரைபடத்தில் காலியிடம். மாற்றாகத் தரப்படுமென்று பேசப்படும் அடுக்குமாடி எங்கே, அதில் எத்தனையாவது மாடி என்பதற்கு விடை இல்லை. முருங்கையைப் பிடுங்கிக்கொண்டு போகலாமா என்று ஒருவர் கோபமாகக் கேட்டதும், கூட்டம் கலைந்தது.

ஆகஸ்டில் இன்னொரு குழுவை அழைத்துவர வழிகாட்டி கேட்கிறார். “கோழின்னா வரச்சொல்லுங்க,” என்கிறார் மூதாட்டி. மரவள்ளிக் குச்சி நடும் பருவம் இது. கிழங்கு முற்ற ஏறக்குறைய பத்து மாதமாகும். இந்த முறை நடுவதா வேண்டாமா என்று அவர் கேட்டதற்கு ஆசிரியர் இன்னும் பதில் சொல்லவில்லை. வழிகாட்டிக்குச் சரி என்று எழுதியாயிற்று. சென்ற முறை நாற்காலி போதாததால், கோயிலில் இரவல் கேட்க வேண்டும்.